சுருக்குப் பைக்குள் இருப்பது: உயிரணுக்கள் அனுப்பும் நுண்பைகளும் புற்றுநோய்ச் சிகிச்சையும்



பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தாயின் நினைவாக, அந்தப் பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளையின் உரை இது. ஆண்டுக்கொரு முறை ஏதேனும் ஒரு துறையின் புதிய அறிவைத் தமிழில், எல்லாருக்கும் விளங்கும்படி பேசவேண்டும் என்பதுதான் அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. என் துறை நோய்க்குறியியல். முப்பது ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து, கன்னத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளைப் பார்த்து, இது புற்று, இது புற்றில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்த நுண்ணோக்கியின் கண்ணுக்கும் தப்பிய ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பாட்டியின் இடுப்பில்

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பெயர் வாசிக்கும் பெரட்டுக்குப் போய், தன் நிரையை வெட்டி முடித்து, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை தொங்கும். வெற்றிலை, சீவிய பாக்கு, சின்னத் தகர டப்பாவில் சுண்ணாம்பு, கிள்ளி வைத்த புகையிலை எல்லாம் அதற்குள் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கான பத்துக் காசுகளும் அதே பைக்குள்தான். அவர் நாடாவைத் தளர்த்திக் காசை எடுத்துத் தரும்போது அதில் புகையிலை மணக்கும். ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். அதைச் சட்டையில் துடைத்துவிட்டு ஐஸ் வாங்க ஓடுவோம்.

வெற்றிலையை மென்று உடனே துப்பிவிட மாட்டார். இடது கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்வார். மழையிலும் கொசுக்கடியிலும் அதுதான் துணை என்பார். புற்று அந்த இடத்தில்தான் வந்தது. முதலில் மிளகாய் பட்டால் எரிகிறது என்றார். பிறகு சோற்றை ரசத்தில் கரைத்துக் குடித்தார். பிறகு வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. டவுனுக்கு அழைத்துப் போனபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்தது. பதினொரு மாதத்தில் போய்விட்டார்.

எங்களுக்குக் காசு தந்த பைதான் அவருக்கு நோயையும் தந்தது. பையைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே என்ன இருந்தது, அதை யார் போட்டார்கள், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பவைதான் கேட்கவேண்டிய கேள்விகள். நம் உடம்பின் உயிரணுக்களும் இப்படிச் சுருக்குப் பைகளை வைத்திருக்கின்றன. புற்றுநோய் அறிவியல் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அவற்றைப் பார்த்து இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாலுக்குள் மிதப்பவை

1877இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அன்று தொடங்கி இந்தப் பேராக் மாநிலத்தின் மண்ணும் நம் முன்னோரின் உழைப்பும் அந்த மரத்தின் பாலோடு கலந்துவிட்டன. மங்கில் சொட்டும் பால் பார்வைக்கு ஒரே சீரான வெள்ளைத் திரவம். உண்மையில் அது தண்ணீரில் மிதக்கும் கோடானுகோடி ரப்பர்த் துகள்களின் கூட்டம். ஒவ்வொரு துகளையும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கும். ஆசிட் ஊற்றினால் உறையும். தொட்டியடியில் நின்று அதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள்.

நம் இரத்தமும், உமிழ்நீரும், தாய்ப்பாலும் அப்படித்தான். அவற்றிலும் கொழுப்புப் படலம் போர்த்திய பைகள் மிதக்கின்றன. உடம்பின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் அவற்றை வெளியிடுகின்றன. சில, உயிரணுவின் உள்ளறையிலேயே உருவாகி, அந்த அறை வெளிச்சுவரோடு ஒட்டித் திறக்கும்போது வெளியே கொட்டுகின்றன. இவற்றுக்கு எக்சோசோம் என்று பெயர். 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் ஆயிரம் பிடிக்கும். வேறு சில, உயிரணுவின் வெளிச்சுவரே மொட்டு விட்டு உதிர்வதால் உண்டாகின்றன. இவை சற்றுப் பெரியவை. இரண்டையும் சேர்த்து நுண்பைகள் என்று அழைப்போம்.

தொழிற்சாலையில் ரப்பர்ப் பாலைச் சுழற்றிக் கெட்டிப் பாலைப் பிரிப்பதுபோல, ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தைச் சுழற்றி இந்தப் பைகளைப் பிரிக்கிறார்கள். முதலில் மெதுவாகச் சுழற்றி உயிரணுக்களை அடியில் தங்கவைப்பார்கள். பிறகு வேகத்தைக் கூட்டிச் சிதைந்த துணுக்குகளை நீக்குவார்கள். கடைசியாகப் புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றும்போது குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு படிவு ஒட்டும். பைகள் அதில்தான் இருக்கும்.

குப்பை என்று நினைத்தது

1967இல் இங்கிலாந்தில் பீட்டர் வுல்ஃப் என்பவர் இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்துகள்களை விவரித்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் தட்டணுத் தூசி. 1983இல் இரண்டு குழுக்கள், ஒன்று கனடாவில் மான்ட்ரியலிலும் மற்றொன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸிலும், இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்தன. இளம் சிவப்பணு முதிரும்போது, இரும்பை உள்ளே கொண்டுவர அதுவரை பயன்பட்ட ஏற்பிகள் அதற்குத் தேவைப்படுவதில்லை. அவற்றை அது சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளியது. மான்ட்ரியல் குழுவின் தலைவர் ரோஸ் ஜான்ஸ்டோன். போலந்தில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறி, மெக்கில் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். எக்சோசோம் என்ற பெயரை 1987இல் இந்தப் பைகளுக்கு வைத்தவரும் அவரே. ஆனாலும் அடுத்த பத்தாண்டுகள் பெரும்பாலானோர் இவற்றை உயிரணுவின் குப்பைத்தொட்டி என்றே எண்ணினார்கள்.

1996இல் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. கிராசா ரபோசோவும் நெதர்லாந்தில் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு வகை வெள்ளை அணுவான பி அணு வெளியிடும் பைகளைப் பார்த்தார்கள். எதிரி இன்னார் என்று டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்டும் புரதங்கள் அந்தப் பைகளின் மேல் இருந்தன. அவற்றால் டி அணுக்களைத் தூண்டவும் முடிந்தது. 1998இல் பாரிஸில் லாரன்ஸ் சிட்வோகெல் குழு இன்னொரு படி ஏறியது. டென்ட்ரிடிக் அணுக்கள் எனப்படும் காவல் அணுக்களுக்குப் புற்றின் அடையாளத்தைக் காட்டி, அவை வெளியிட்ட பைகளை மட்டும் எலிகளுக்குச் செலுத்தினார்கள். கட்டிகள் வளராமல் நின்றன. சில எலிகளில் மறைந்தே போயின. 2007இல் சுவீடனின் கோத்தன்பர்கில் யான் லோட்வால் குழு, இந்தப் பைகளுக்குள் மரபுச் செய்தியை ஏந்தும் ஆர்.என்.ஏ. இருப்பதையும், ஒரு உயிரணு அனுப்பிய அந்தச் செய்தியை இன்னொரு உயிரணு படித்துப் புரதம் செய்வதையும் காட்டியது. குப்பை என்று ஒதுக்கியவற்றுக்குள் கடிதங்கள் இருந்தன.

பெரட்டுக்களம்

இந்தக் கடிதங்கள் நோய் எதிர்ப்பை எப்படி மாற்றுகின்றன என்று புரிந்துகொள்ள நம் தோட்டத்துப் பெரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு எல்லாரும் அங்கே கூடுவார்கள். கிராணி பெயர் வாசிப்பார். யாருக்கு எந்த நிரை என்று மண்டோர் சொல்வார். அதன் பிறகுதான் காட்டுக்குள் போவார்கள். பெரட்டு குழம்பினால் அன்றைய வேலை முழுதும் குழம்பும்.

நம் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர் முடிச்சுகள்தான் உடம்பின் பெரட்டுக்களங்கள். எதிரியின் அடையாளத்தை டென்ட்ரிடிக் அணுக்கள் அங்கே கொண்டுவந்து காட்டுகின்றன. அதைப் பார்த்த டி அணுக்கள் பல்கிப் பெருகி, கட்டியைத் தேடிப் புறப்படுகின்றன. வேகம் அளவு மீறி நம் சொந்தச் சதையையே தாக்காமல் இருக்க டி அணுக்களுக்குத் தடைகளும் உண்டு. அவற்றில் ஒன்று பி.டி.-1 என்ற புரதம். ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992இல் அதைக் கண்டறிந்தது. பி.டி.-எல்1 என்ற இன்னொரு புரதம் வந்து அதைத் தொட்டால் டி அணு அடங்கிவிடும். புற்று உயிரணுக்கள் பல தங்கள் மேற்பரப்பில் பி.டி.-எல்1-ஐ ஏந்திக்கொண்டு, வரும் டி அணுக்களை அடக்கிவிடுகின்றன. இந்தத் தொடுதலை மறிக்கும் எதிர்ப்புரதங்கள்தான் பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள். இவ்வகைத் தடைகளை அவிழ்க்கும் வழியைத் திறந்ததற்காக ஹோஞ்சோவும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மருந்து பலித்தவர்களுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. ஆனால் பலருக்குப் பலிக்கவில்லை. தலை, கழுத்துப் புற்று மீண்டும் வந்தவர்களுக்கு நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. 361 பேர் அதில் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 36 விழுக்காடு. பழைய மருந்துகளில் அது 16.6 விழுக்காடுதான். நல்ல முன்னேற்றம். ஆனால் கட்டி தெளிவாகச் சுருங்கியவர்கள் 13.3 விழுக்காட்டினரே. மற்றவர்களின் டி அணுக்களைப் பிடித்து வைத்திருந்தது எது?

அதே பை, வேறு அனுப்புநர்

2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெய் குவோ குழு அந்தக் கேள்விக்கு ஒரு விடை தந்தது. மெலனோமா என்னும் தோல் புற்றின் உயிரணுக்கள் பி.டி.-எல்1-ஐத் தங்கள் மேற்பரப்பில் வைத்துக்கொள்வதோடு நிற்கவில்லை. எக்சோசோம்களின் மேல் ஒட்டி இரத்தத்தில் அனுப்பிக்கொண்டும் இருந்தன. கட்டி ஓரிடத்தில் இருந்தாலும் டி அணுக்களை அடக்கும் கை உடம்பு முழுதும் நீண்டது. சிகிச்சை தொடங்குமுன் இரத்தத்தில் இந்தப் பைகள் அதிகம் இருந்த நோயாளிகளுக்கு மருந்து பலிப்பது குறைவாக இருந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மருந்து பலித்தவர்களுக்குச் சிகிச்சையின் முதல் வாரங்களில் இந்தப் பைகளின் அளவு ஏறியது. டி அணுக்கள் விழித்துத் தாக்கத் தொடங்கியதும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அடி விழும் புற்று அதற்கு மறுமொழியாக மேலும் பைகளை வீசுகிறது. முன்கூட்டியே நிறைந்திருக்கும் பை, அடங்கிப்போன படையின் அடையாளம். சிகிச்சைக்குப் பின் ஏறும் பை, போர் நடப்பதன் அடையாளம். ஒரே எண்ணை எப்போது எடுத்தோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிறது. சோதனைத் தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று என் ஆசிரியர்கள் எனக்குச் சொன்னதன் முழுப் பொருள் இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

2019இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராபர்ட் பிளெல்லோக் குழு எலிகளில் செய்த சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. புரோஸ்டேட் புற்று உயிரணுக்களில் எக்சோசோம் வெளியிடத் தேவையான மரபணுக்களை நீக்கினார்கள். பை அனுப்ப முடியாத புற்று, நோய் எதிர்ப்புள்ள எலிகளில் வளரவே இல்லை. பிறகு அதே எலிகளுக்குப் பை அனுப்பும் சாதாரணப் புற்றைச் செலுத்தினார்கள். அதுவும் வளரவில்லை. நிணநீர் முடிச்சில் டி அணுக்கள் ஒருமுறை தடையின்றிப் பாடம் கற்றுவிட்டால், அந்த நினைவு பிறகு வரும் எதிரியையும் தடுத்தது. புற்றின் பைகள் பெரட்டுக்களத்துக்கே போய், ஆட்கள் வேலைக்குக் கிளம்புமுன் அவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புற்றின் பைகளுக்கு வேறொரு வேலையும் உண்டு. தோட்டத்தில் காடழித்து, நிலம் சீர்செய்து, அதன் பிறகுதான் கன்று நடுவார்கள். நியூயார்க்கில் டேவிட் லைடன் குழு 2015இல் காட்டியதும் அதுதான். புற்று பரவுமுன்பே அதன் பைகள் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய் இடத்தைச் சீர்செய்து வைக்கின்றன. எந்த உறுப்புக்குப் போகவேண்டும் என்பது பைகளின் மேலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்களில் முகவரிபோல் பதிந்திருக்கிறது.

நம் கன்னத்தில், அண்டை வீட்டில்

இந்த அறிவியல் தொலைதூர நாடுகளில் மெலனோமாவையும் எலிகளையும் வைத்து நடந்தது. பேராக்கில் மெலனோமா அரிது. நம் நோய் வாய்ப்புற்று. மலேசியாவில் அன்று மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த இந்தியர்கள், நாட்டின் வாய்ப்புற்று நோயாளிகளில் பாதிக்கும் மேல் இருந்தார்கள் என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1993, 1994ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் ரோஸ்னா ஸைன் குழு நாடு முழுவதும் 25 வயதைக் கடந்த 11,697 பேரின் வாயைத் திறந்து பார்த்தது. புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் மொத்தத்தில் 1.4 விழுக்காட்டினரிடம் இருந்தன. இந்தியர்களிடம் அது 4 விழுக்காடு. சீனர்களிடம் அரை விழுக்காடு. இந்த வேறுபாட்டுக்குப் பிறப்பையோ சாதியையோ காரணம் சொல்லவேண்டாம். சுருக்குப் பைக்குள் இருந்ததுதான் காரணம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், வெறும் கொட்டைப்பாக்கும்கூட மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. 2022இல் உலகில் வாய்ப்புற்றுக்கு ஆளான 389,800 பேரில் 120,200 பேருக்குக் காரணம் மெல்லும் புகையிலையோ பாக்கோதான் என்று அதே அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

வாய்ப்புற்றும் தலை, கழுத்துப் புற்றுகளில் ஒன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தெரசா வைட்சைடும் அவர் குழுவினரும் 2018இல் இவ்வகை நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். எக்சோசோம்களின் மேலுள்ள பி.டி.-எல்1 நோய் முற்ற முற்றக் கூடியது. இரத்தத்தில் தனியே கரைந்திருக்கும் பி.டி.-எல்1 அப்படிக் கூடவில்லை. அந்தப் பைகளை டி அணுக்களோடு சேர்த்தபோது அவை அடங்கின. பி.டி.-1-ஐ மறிக்கும் மருந்தைச் சேர்த்தபோது மீண்டும் எழுந்தன. என் பாட்டியின் கழுத்துக் கட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வும் நினைவுக்கு வரும். அவருடைய டி அணுக்கள் வேலைக்கு வராமல் இருந்திருக்காது. பெரட்டுக்களத்திலேயே யாரோ அவற்றை அடக்கியிருக்கலாம்.

இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் நம் சீன அண்டைவீட்டாரை அதிகம் தாக்குவது மூக்குத்தொண்டைப் புற்று. அதன் பின்னால் எப்ஸ்டீன்–பார் என்ற வைரஸ் இருக்கிறது. பாரிஸுக்கு அருகே குஸ்தாவ் ரூசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தப் புற்றின் நுண்பைகளில் காலக்டின்-9 என்ற புரதம் இருப்பதையும் அது டி அணுக்களை ஒடுக்குவதையும் 2006 முதல் அடுத்தடுத்த ஆய்வுகளில் காட்டினார்கள். பி.டி.-1-ஐ மறிக்கும் மருந்து இங்கேயும் உதவுகிறது. சீனா, தைவான், சிங்கப்பூர் நோயாளிகளை வைத்துச் சோதித்த டோரிபாலிமாப் என்ற மருந்தை இந்த நோய்க்காக அமெரிக்கா 2023 அக்டோபரில் அனுமதித்தது. எங்கள் வீட்டுக் கன்னமும் அவர்கள் வீட்டு மூக்கும் வேறு வேறு காரணங்களால் நோயுற்றாலும், புற்று அனுப்பும் பை ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே இந்த ஆய்வு எந்த ஒரு இனத்துக்கும் உரிய சொத்தாக இருக்க முடியாது.

பையை மருந்தாக்குவது

நல்ல அனுப்புநரின் பையை மருந்தாக்கலாமா? பாரிஸ் எலிகள் காட்டிய வழியில் மனிதரிடம் முயன்றிருக்கிறார்கள். 2005இல் இரண்டு சிறு ஆய்வுகள் வெளியாயின. மெலனோமா, நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு அவர்களுடைய டென்ட்ரிடிக் அணுக்களின் எக்சோசோம்களையே செலுத்தினார்கள். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. 2016இல் இதே வகைச் சிகிச்சை பெற்ற 22 நுரையீரல் புற்று நோயாளிகளின் முடிவு வந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகும் நோய் முற்றாமல் இருப்பவர்கள் பாதிப் பேராவது இருக்கவேண்டும் என்பது இலக்கு. இருந்தவர்கள் 7 பேர், அதாவது 32 விழுக்காடு. இலக்கு எட்டவில்லை. ஆனால் சிலரிடம் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பணுக்களின் வலிமை கூடியது தெரிந்தது. டெக்சஸில் ரகு கள்ளூரி குழு, கணையப் புற்றின் பழுதான கேராஸ் மரபணுவை முடக்கும் ஆர்.என்.ஏ.யை எக்சோசோமில் ஏற்றி எலிகளில் பலன் கண்டதை 2017இல் வெளியிட்டது. பிறகு மனிதரிடம் சோதனை தொடங்கியது.

இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன்: இன்று எந்த மருத்துவமனையிலும் புற்றுக்கு எக்சோசோம் ஊசி என்று நிறுவப்பட்ட சிகிச்சை கிடையாது. அழகுக்கும் மூட்டுவலிக்கும் இளமைக்கும் எக்சோசோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அனுமதி பெறாத அத்தகைய பொருள்களால் சிலருக்குக் கடும் தீங்கு நேர்ந்ததை அடுத்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் மக்களை எச்சரித்தது. புதிய அறிவியலின் பெயரைக் கேட்டதும் வீட்டை அடகு வைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உறவுகளே, அப்படி யாரும் செய்துவிடாதீர்கள்.

இன்று கையில் இருக்கும் எதிர்ப்பாற்றல் மருந்துகளின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இந்த விஷயத்தில் மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாய்வழி மாத்திரைச் சிகிச்சையும், மற்றொரு பகுதியினருக்கு அதனுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபும் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. 2022இல் இது வெளியானபோது நான் அதை இரண்டு முறை படித்தேன். பணக்கார நாட்டு ஆய்வுக்கூடம் கேட்காத கேள்வியை, பாக்கும் புகையிலையும் மெல்லும் மக்களின் மருத்துவர்கள் கேட்டார்கள். நம் நோயைப் பற்றிய சரியான கேள்வி நம்மிடமிருந்துதான் பிறக்கும்.

என்ன செய்யலாம்

புற்றின் பைகள் கட்டிக்கு வெகு தூரம் முன்னால் பயணம் செய்பவை. அதனால் அவற்றை வழியிலேயே பிடித்துப் படிக்க முடியும். கன்னத்துப் புற்றுக்கு அந்த வழி உமிழ்நீர். துப்பும் எச்சிலில் அந்தப் பைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வாய்ப்புற்றைக் கண்டறிய ஆய்வுகள் நடக்கின்றன. இரத்தத்தில் முன்கூட்டியே நோயைத் தேட முடியும் என்று ஹாங்காங் ஏற்கெனவே காட்டிவிட்டது. அங்கே 2017இல் வெளியான ஆய்வில் 20,174 ஆண்களின் இரத்தத்தில் எப்ஸ்டீன்–பார் வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடி, 34 பேருக்கு மூக்குத்தொண்டைப் புற்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் தொடக்க நிலையில் இருந்தது. அதுபோல் ஒன்று வாய்க்கு வரவேண்டும். அதற்குப் பாக்கு மென்றவர்களின் உமிழ்நீர் வேண்டும். சுபாங் ஜெயாவில் உள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா நிறுவனம் ஆண்டுக்கணக்காக வாய்ப்புற்றை ஆராய்கிறது. ஆய்வாளர் யாரேனும் உரிய விளக்கத்தோடும் ஒப்புதல் தாளோடும் வந்து ஒரு குப்பி எச்சில் கேட்டால், விளங்கும்வரை கேள்வி கேளுங்கள். விளங்கிய பின் கொடுங்கள். நம்முடைய உமிழ்நீர் சேராத ஆய்வின் முடிவு நமக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தலை, கழுத்துப் புற்றில் அறுவைக்கு முன்பே பெம்பிரோலிசுமாப் கொடுப்பதை அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதித்தது. கட்டியும் நிணநீர் முடிச்சும் இருந்த இடத்தில் இருக்கும்போதே டி அணுக்களுக்குப் பாடம் நடத்துவது என்பது இதன் அடிப்படை. புற்றின் பைகள் அந்தப் பாடத்தை எவ்வளவு கெடுக்கின்றன, வெற்றிலையும் சுண்ணாம்பும் உராய்ந்த கன்னத்தில் அந்தப் பைகள் வேறு மாதிரி இருக்குமா என்று உங்களில் ஒருவர் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த அறக்கட்டளை உங்களுக்கு உதவித்தொகை தருகிறது.

உமிழ்நீர்ச் சோதனை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வாய்ப்புற்று, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சில புற்றுகளில் ஒன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்குப் போய் வாயைச் சோதித்திருக்கின்றன. இன்று தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. லயத்து மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மரம் போனாலும் பழக்கம் கூடவே வந்துவிட்டது. குழுக்கள் தேடிப் போகும் இடத்தில் இன்று அவர்கள் இல்லை. ஆகவே தேடுவது வீட்டின் வேலையாகிறது.

இன்று வீட்டுக்குப் போனதும், வெற்றிலை போடும் அம்மாவையோ பாட்டியையோ சித்தப்பாவையோ ஜன்னலோரம் உட்காரவையுங்கள். கைப்பேசி விளக்கைப் பிடித்து இரண்டு கன்னங்களின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், காரம் தாங்காத எரிச்சல், தன் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடியாத வாய், கழுத்தில் புதிதாய் ஒரு கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாளே அரசு பல் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். திட்டாத முகத்தோடு கேளுங்கள். திட்டு வாங்கப் பயந்து வாயை மூடிக்கொண்ட ஒருவரை நான் இழந்திருக்கிறேன்.

பாட்டியின் சுருக்குப் பையை அம்மா கழுவி, காயவைத்து, என்னிடம் கொடுத்தார். நாடா நைந்துவிட்டது. முகர்ந்து பார்த்தால் இன்னும் புகையிலை வாசம் இருக்கிறது. அதற்குள் நான் இப்போது வைத்திருப்பது ஒரு சின்னக் கைவிளக்கு. உறவினர் வீடுகளுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போவேன்.